மெட்டில்லாத பாட்டுப் புத்தகங்கள்

எனக்குச் சினிமாப் பாட்டு தெரியும், சினிமா தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. "பாட்டைக் கேக்காமலே பாட்டு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். கேட்டால்தான் தெரியுமா? படித்தால் தெரியாதா?

எங்கள் ஊர் கறம்பக்குடியிலிருந்து நாலு மைல். கடலை போடுகிற ஊர். சுதந்திரம் வந்த மறுவருஷம் நான் அஞ்சாம் வகுப்பு முடித்தேன். போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் கரண்டு கிடையாது. ரேடியோ என்ற ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கறம்பக்குடியில் ஒரு டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. "பொம்பளப் புள்ளைக்குக் கொட்டகையில என்ன வேல?" என்பார். ஆம்பளைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா வாராவாரம் கறம்பக்குடிச் சந்தைக்கு வண்டி கட்டுவார். மாடு களைத்துப் போகும் என்று அன்றைக்கு மண்டியிலேயே படுத்துவிட்டு மறுநாள் காலையில்தான் திரும்புவார். வந்ததும் அவர் தோளிலிருந்து துண்டை வாங்கி உதறிக் கொடியில் போடுவது ஆத்தாவின் வேலை. எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். துண்டிலிருந்து மணல் கொட்டும். "கூட்டுன வாசல்ல மண்ணக் கொட்டுனா எப்படி?" என்று முனகிக்கொண்டே மறுபடி கூட்டுவாள்.

அப்படி ஒரு காலையில்தான் அப்பா மடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். எட்டே பக்கம். பழுப்புத் தாள். மேலே ஒரு பெண்ணின் முகம். அச்சு மை அப்பி அவளுக்கு லேசாக மீசை முளைத்திருந்தது.

"சந்தையில வித்தாங்க தாயி. படிப்ப நிறுத்திட்டோம்ல, எழுத்து மறந்துறக் கூடாதுல்ல. எங்க, படிச்சுக் காட்டு" என்றார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறவர்.

அது ஒரு சினிமாவின் பாட்டுப் புத்தகம். முதலில் கதைச் சுருக்கம் இருக்கும். கதை ஓடிக்கொண்டே வந்து, இனிமேல்தான் என்னமோ நடக்கப் போகிறது என்கிற இடத்தில் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். "அப்பறம் என்னாச்சாம்ப்பா?" என்று கேட்பேன். "எனக்கென்ன தெரியும்? நானா பாத்தேன்?" என்று அப்பா மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

கதைக்குப் பிறகு பாட்டுகள். சில பாட்டுக்கு மேலே ராகம் இன்னது, தாளம் இன்னது என்று போட்டிருக்கும். அது அந்தப் பாட்டைப் பாடிய இரண்டு பேரின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மெட்டு என்னவென்று புத்தகத்தில் எப்படிப் போடுவார்கள்? அதனால் நானே போட்டுக்கொண்டேன். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக்கிணற்றில் அப்பா பாடுகிற பாட்டு, நடவில் பெண்கள் பாடுகிற பாட்டு, மாரியம்மன் கோயில் கும்மி, பக்கத்து ஊர் மாதா கோயிலில் சாயங்காலம் சொல்கிற மன்றாட்டு - இவ்வளவுதான் என் கையிருப்பு. கதாநாயகனும் கதாநாயகியும் பூந்தோட்டத்தில் பாடுகிற காதல் பாட்டு ஒன்று. அதை நான் மாதா கோயில் மன்றாட்டு மெட்டில் உருக்கமாகப் பாடினேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாராவாரம் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு இரண்டு புத்தகமாவது வந்துவிடும். என் தமிழ் முழுவதும் அங்கே கற்றதுதான். ஆடு வேலியைத் தாண்டி ஓடினால் "வஞ்சகி! எனைப் பிரிந்து எங்கு செல்கின்றாய்?" என்று விரட்டுவேன். சண்டை என்று வந்தால் எங்கள் தெருவில் மற்றவர்கள் சாதாரணமாகத் திட்டுவார்கள். நான் "பாவி, உன் நெஞ்சம் பாறையோ?" என்று கேட்பேன். எதிராளி ஒரு நிமிஷம் முழித்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் நான் ஜெயித்துவிடுவேன். 'விரகம்' என்றால் என்ன என்று ஆத்தாவிடம் போய்க் கேட்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்து அர்த்தம் தெரியாத வார்த்தைக்கு நானே அர்த்தமும் போட்டுக்கொண்டேன். மெட்டே போட்டுக்கொண்டவளுக்கு அர்த்தம் போட எவ்வளவு நேரம்?

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாட்டுப் புத்தகம் வர ஆரம்பித்த இரண்டாம் வருஷம் ஐப்பசியில் என் தம்பி இறந்துபோனான். நாலு வயது. மூன்று நாள் காய்ச்சல். எனக்கு அவன் என்றால் உயிர். ஆனால் பிள்ளைகள் அழுவதும் மறுபடி விளையாடுவதும் பெரியவர்களைப் போல இல்லை, நான் எழுந்துவிட்டேன். ஆத்தா எழவில்லை. சமைப்பாள், பால் கறப்பாள், வாசல் கூட்டுவாள். எல்லாம் நடக்கும். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. நடவில் முதல் ஆளாக நின்று பாட்டெடுத்துக் கொடுக்கிறவள், அந்த வருஷம் வயலில் காலே வைக்கவில்லை. அப்பா அழுது நான் பார்க்கவில்லை. குழி மூடிவிட்டு வந்த கையோடு மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போட்டார். எனக்கு அவர் மேல் கோபமாகக்கூட இருந்தது.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு காலையில் அப்பா சந்தையிலிருந்து வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "ரோட்டுப் புழுதி" என்றார். ஆத்தா துண்டை வாங்கி உதறினாள். அப்பா வழக்கம்போல ஒரு புத்தகத்தை நீட்டினார். படித்துக் காட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

நான் படித்தேன். ஒரு விதவைத் தாய், ஒரே மகன். கஷ்டப்பட்டு வளர்க்கிறாள். மகன் சம்பாதிப்பதற்காகக் கப்பலேறுகிறான். கதை அந்த இடத்தில் நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டு. தாய் பாடுவது என்று போட்டிருந்தது.

கூடு கட்டிய கொம்பை மறந்து
குன்றம் தாண்டிப் பறந்தாயே
ஊட்டி வளர்த்தவள் வாசலில் நிற்க
ஒருசொல் சொல்லாமல் பறந்தாயே

எனக்கு ஒரே சிரிப்பு. எங்கள் பக்கம் கப்பலேறாத வீடே கிடையாது. ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் போகிறவர்கள் ஊர் எல்லை தாண்டினதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள், கடுதாசிகூடப் போட மாட்டார்கள் என்று பெண்கள் கேலி பேசுவதுதான் வழக்கம். அப்படித்தான் இந்தத் தாயும் கேலி பண்ணுகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உடனே கும்மி மெட்டில் பிடித்தேன். வாசலில் சுற்றிச் சுற்றி வந்து, குதித்துக் குதித்துக் கை தட்டிப் பாடினேன். ஒவ்வொரு 'பறந்தாயே'வுக்கும் இரண்டு கையையும் விரித்துப் பறந்தே காட்டினேன். ஆத்தா முறத்தை வைத்துக்கொண்டு கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா செம்பில் தண்ணீர் குடிக்கப் போனவர், குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது சுற்று வரும்போது ஆத்தா முறத்தைக் கீழே வைத்தாள். கை தட்டினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, அப்புறம் மெட்டோடு சேர்ந்து கும்மிக்குத் தட்டுகிற மாதிரியே தட்டினாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. அப்பா செம்பை அப்படியே வைத்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அவரைப் பற்றி என்ன கவலை? ஆத்தா கை தட்டிவிட்டாள். அன்றைக்கு முழுவதும் நான் தரையில் நடக்கவே இல்லை.

அந்த வருஷ நடவுக்கு ஆத்தா போனாள். போகும்போது என் பாட்டையும் கொண்டுபோனாள். நடவிலிருந்து பாட்டு கல்யாண வீட்டுக்குப் போயிற்று. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரம் எல்லோரும் அழுது வடிந்துகொண்டிருப்பார்கள். அப்போது பெண்கள் வண்டியைச் சுற்றி நின்று இந்தக் கும்மியை அடித்தால் கல்யாணப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிடும். வளர்த்தவளை மறந்துவிட்டுப் பறக்கிறாயே என்று அவளைக் கேலி பண்ணுகிற மாதிரி அவ்வளவு பொருத்தமாக இருக்கும். சுற்றி உள்ள நாலைந்து ஊரில் பெண் அனுப்புகிற பாட்டு என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. "நம்ம புள்ள கட்டுன பாட்டு" என்பார்கள். வார்த்தை என்னுடையதல்ல என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புகழ் யாருக்குக் கசக்கும்?

பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளைக்குத் திருக்கோகர்ணம். பஸ் கண்டக்டர். அவருடைய முதலாளி சம்பந்திகள் வந்துபோக ஒரு பஸ்ஸையே கொடுத்துவிட்டார். எங்கள் ஊருக்குள் பஸ் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. மைக் செட் வந்ததும் அன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் டவுனிலிருந்து பாட்டரியும் சேர்த்துக் கையோடு கொண்டுவந்தார்கள். விடிந்ததும் தென்னை மரத்தில் குழாயைக் கட்டி ரெக்கார்டு போட ஆரம்பித்துவிட்டார் மைக் செட்காரர்.

எனக்குத் தலையில் இடி இறங்கியது. ஒவ்வொரு பாட்டும் எனக்குத் தெரிந்த பாட்டு. ஒன்றுகூட எனக்குத் தெரிந்த மெட்டில் இல்லை. தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த என் சித்தி, "என்னடி இது, ஒன் பாட்டையெல்லாம் தப்புத் தப்பாப் பாடுறாங்க?" என்றாள். வாசலில் நின்ற பெண்கள் கூட்டமாகப் போய் மைக் செட்காரரிடம் ரெக்கார்டு கெட்டுப்போயிருக்கிறது, வேறு போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் ஊசியை மாற்றிப் பார்த்தார். நான் மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நாணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாதா கோயில் மெட்டில் ஏழு வருஷம் பாடிய காதல் பாட்டை யாரோ ஒருத்தி துள்ளிக் குதித்துப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். என் சித்தி பாட்டெடுத்தாள். கூடு கட்டிய கொம்பை மறந்து. நாற்பது பேர் கை தட்டினார்கள். பஸ்ஸுக்குள் இருந்த டவுன்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, படியில் இறங்கி நின்று கத்தினார்.

"நிறுத்துங்க! நல்ல காரியத்துல எழவுப் பாட்டப் பாடுறீங்களே, என்ன சனங்க நீங்க?"

"எழவுப் பாட்டா? இது எங்க புள்ள கட்டுன கும்மிங்க. இங்கிட்டு எல்லாக் கல்யாணத்துலயும் இதத்தான் பாடுறோம்" என்றாள் சித்தி.

"நான் அந்தப் படத்த மூணு தடவ பாத்துருக்கேன். கப்பல் கவுந்து மகன் செத்துருவான். பொணங்கூடக் கெடைக்காது. ஆத்தாக்காரி கடக்கரையில நின்னு தலைய விரிச்சுப் போட்டுப் பாடுறது இது!"

"அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்று எங்கள் பக்கம் யாரோ சொன்னார்கள். மைக் செட்காரர் நல்ல மனுஷர். சண்டையைத் தீர்த்து வைக்கலாம் என்று நினைத்து, "ரெக்கார்டு எங்கிட்ட இருக்குங்க, போட்டுறவா?" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் போட்டும்விட்டார்.

தென்னை மரத்திலிருந்து ஒரு பெண் அழுதாள். என் வார்த்தைகள்தான். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு 'பறந்தாயே'வுக்கும் அவள் குரல் உடைந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் தட்டிய கைகள் தட்டிய இடத்திலேயே நின்றன. நான் அப்பாவைத் தேடினேன். பஸ்ஸின் மேலே சீர்ச் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தவர், கயிற்றைப் பிடித்தபடி அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார். என்னால் தலைகுனிவு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆத்தா கூட்டத்துக்குப் பின்னால் இருந்தாள், முகம் தெரியவில்லை. என் மாமியார்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "ரெக்கார்ட நிறுத்துப்பா. பஸ்ஸ எடுங்க, நேரமாச்சு" என்றார். பஸ் கிளம்பிற்று.

அன்றைக்கு மூடியதுதான் என் வாய். பேசாமல் இருந்தேன் என்று அர்த்தமில்லை. பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாட்டு நின்றுபோயிற்று. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காபிக் கடையில் ரேடியோ இருந்தது. காலையிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும். எல்லா மெட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியத் தெரிய, ஏழு வருஷம் ஒரு பைத்தியக்காரி மாதிரி கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. வீட்டுக்காரர் நல்லவர். "ஒங்க ஊர்ல பெரிய பாட்டுக்காரின்னாங்களே, ஒண்ணு பாடேன்" என்பார். தொண்டை சரியில்லை என்பேன். ஒரு வருஷமாகவா தொண்டை சரியில்லை என்று அவர் கேட்டதில்லை.

மதினிக்குப் பக்கத்துத் தெரு. பால் திரிந்தாலும், அவர் தம்பி பஸ் பஞ்சரானாலும், "அன்னிக்குப் பாடுன பாட்டு அப்படி" என்பார். எனக்குச் சுள்ளென்று வரும். பதிலும் வாய்வரை வரும். ஆனால் நான் உண்டானதும் பதில் வரவில்லை, பயம்தான் வந்தது. மகன் செத்த பாட்டு. என் கல்யாணத்தில், என் பஸ்ஸைச் சுற்றி, நானே மெட்டுப் போட்டுப் பாட வைத்தது. வயிற்றில் பிள்ளை அசையும்போதெல்லாம் அந்த ரெக்கார்டுக் குரல் காதில் கேட்கும். எதிரே ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் கிணற்றடிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். அந்தப் பாட்டு என் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று நம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம்.

ஏழாம் மாதம் அப்பா பலகாரக் கூடையோடு வந்தார். என்னை ஊருக்கு அழைத்துப் போக நாள் பார்த்திருந்தார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, பழைய வழக்கப்படி மடியிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"புதுசு. படிச்சுக் காட்டு தாயி."

"வேணாம்ப்பா. நான் இப்பப் பாடுறதில்ல" என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். பாட்டு, பயம், காதைப் பொத்திக்கொள்வது, எல்லாம். அப்பா துண்டை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எழவுப் பாட்டுன்னு எனக்குத் தெரியும் தாயி" என்றார்.

"எல்லாருக்குந்தான் தெரிஞ்சுபோச்சே, கல்யாணத்தன்னிக்கு."

"இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும். புத்தகம் வாங்குன அன்னிக்கே தெரியும். நான் படம் பாத்துட்டு வெளிய வாரப்ப வாங்குனது அது."

எனக்குப் புரியவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாப் புத்தகமும் அப்படி வாங்குனதுதான். சந்தையில எவன் பாட்டுப் புத்தகம் விக்கிறான்? கொட்டகை வாசல்ல விக்கிறது."

அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை நின்று, கோபம் தலைக்கேறிவிட்டது. ஏழு வருஷம்! பொம்பளப் பிள்ளைக்குக் கொட்டகையில் என்ன வேலை என்று கேட்ட மனுஷர் ஒரு படம் விடாமல் பார்த்திருக்கிறார். கதையின் மீதி என்ன என்று நான் கெஞ்சினபோதெல்லாம் மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். "எல்லா மெட்டும் ஒங்களுக்குத் தெரியுமாக்கும்? தெரிஞ்சுக்கிட்டே என்னையக் கோமாளியாக்குனீங்களா?" என்று கத்தினேன்.

"கோபப்படு. நான் சொல்றத மட்டும் கேட்டுக்கிட்டுக் கோபப்படு" என்றார். "நம்ம சின்னவன் போனப்ப நான் அழுகல. நான் ஒடஞ்சா ஒங்க ஆத்தா பொழைக்க மாட்டான்னு அடக்கிக்கிட்டேன். ஏழு மாசம் கழிச்சு அந்தக் கொட்டகையில, மணல் தரையில, யாருன்னே தெரியாத சனத்துக்கு நடுவுல ஒக்காந்து, அந்தப் பொம்பள பாடயில தேம்பித் தேம்பி அழுதேன். வெளிய வந்து புத்தகத்த வாங்கிட்டேன், பழக்கதோசம். காலையில நீ அதப் படிச்ச. குதிச்சுக் குதிச்சுப் பாடுற. நிறுத்துன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன் தாயி. அதுக்குள்ள ஒங்க ஆத்தா கை தட்டிட்டா. ஏழு மாசமா சிரிக்காதவ சிரிக்கிறா. அது எழவுப் பாட்டுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்மூர்ல அது கல்யாணப் பாட்டுத்தான். அதப் பாடி அனுப்புன ஒவ்வொரு பொண்ணையும் நெனச்சுப் பாரு. புள்ளகுட்டியோட நல்லாத்தான் இருக்குதுக. ஒன் புள்ளைக்கு மட்டும் என்ன வந்துரும்?"

நினைத்துப் பார்த்தேன். கிழக்குத் தெருக்காரிக்கு இரட்டைப் பிள்ளை. என் சித்தி மகளுக்கு மூன்று. மணமேல்குடிக்கு வாக்கப்பட்டுப் போனவள் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் இடுப்பில் ஒன்றோடுதான் வருவாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுப்படி வாசலில் மாமியார் காபி டம்ளரோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, காபியில் ஆடை படிந்திருந்தது. டம்ளரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "அன்னிக்குச் சண்டையில சரியாக் கேக்கல. எங்க, ஒன் மெட்டுல பாடு" என்றார்.

ஒரு வருஷத்துக்கும் மேல் பூட்டிக் கிடந்த தொண்டை. முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் அப்பா தொடையில் தாளம் போட்டார். மூன்றாவது வரியில் வயிற்றுக்குள் இருந்த ஆள் ஓங்கி ஒரு உதை விட்டான். பாடி முடித்ததும் மாமியார், "இது அந்தப் பாட்டே இல்ல. வார்த்த ஒண்ணா இருந்தா? இது வேற பாட்டு. ஒன் மதினிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு பால் திரிந்தால் மதினி பால்காரனைத்தான் திட்டினார்.

கிளம்பும்போது அப்பா என் காதோடு ஒன்று சொன்னார். "கொட்டகை சமாச்சாரம் ஒங்க ஆத்தாளுக்குத் தெரிய வேணாம்." சரி என்று தலையாட்டினேன்.

ஊரில் எனக்கு மகன் பிறந்தான். நல்ல கனம், சத்தமும் அதற்குத் தகுந்தாற்போல. பதினாறாம் நாளோ என்னவோ, அப்பா சந்தைக்குப் போயிருந்தார். ஆத்தா பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் அரித்தது. எந்த ரகசியத்தையும் நான் அவ்வளவு நாள் வைத்திருந்ததில்லை. "ஆத்தா, அப்பா சந்தைக்குப் போற அன்னிக்கெல்லாம் சினிமாக் கொட்டகைக்குப் போறாரு, தெரியுமா?" என்றேன்.

ஆத்தா பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "சந்தையில ஏதுடி மணலு? வாராவாரம் அந்தத் துண்ட ஒதறுனது நான்தானே" என்றாள்.

மெதுவாகக் கேட்டேன். "அப்ப, அந்தக் கூடு கட்டுன பாட்டு?"

"அது என்ன பாட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒங்கப்பா அன்னிக்குக் கண்ணு செவந்து வந்தாரு. எம்புள்ள செத்தன்னிக்குக்கூட அந்தக் கண்ணு அப்படிச் செவக்கல. அழுகுற படம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். நீ என்னடான்னா குதிச்சுக் குதிச்சுப் பாடுற. அவரு மொகத்தப் பாத்தேன். நிறுத்துன்னு சொல்லப் போறாருன்னு தெரிஞ்சுபோச்சு." பிள்ளையைத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினாள். "இந்த வீட்டுல நீ ஒருத்தியாவது சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னுதான் கையத் தட்டுனேன். தட்டத் தட்ட எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். குளித்த அலுப்பில் கொட்டாவி விட்டான். ஆத்தா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாடு" என்றாள். நான் பாட ஆரம்பிப்பதற்கு முன்பே தட்ட ஆரம்பித்துவிட்டாள்.